உன் மாமனாரின் சறுக்குக் கட்டைகள்

பாப்பா,

வருகிற ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக் கல்யாண மண்டபத்தில் உன் கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்பு, உன் மாமனார் சமையற்கூடத்து வாசலில் நின்று ஊரார் முன்னால் இரண்டு விஷயம் சொல்லப் போகிறார். ஒன்று, அவர் எனக்குச் செய்தது. இன்னொன்று, நான் அவருக்குச் செய்தது. முதலாவது உனக்குத் தெரியும். அதைத் தலையில் சுமந்துகொண்டுதான் நீ பள்ளிக்கூடம் போனாய். இரண்டாவது உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கே போன மாதம்தான் தெரியும். மண்டபம் நிறைந்த கூட்டத்தோடு கூட்டமாக நின்று நீ அதைக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் மாமனார் விஷயத்தில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற மனநிலையில் இல்லை, இனிமேலும் இருக்கமாட்டேன். நடந்ததை நடந்தபடி நீ என் கையெழுத்தில் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

திண்டிவனத்தில் அவருடைய எண்ணெய் மில்லில் நான் எட்டு வருஷம் வேலை செய்தேன். மூட்டை தூக்கத்தான் சேர்ந்தேன். மூன்றாவது வருஷமே என்னை எண்ணெய்த் தொட்டி பக்கத்தில் நிறுத்திவிட்டார், என் மூக்குக்காக. கடலை எண்ணெயில் ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்த்தால் மல்லாட்டை மழையில் நனைந்த காயா, போன வருஷத்துக் காயா, செம்மண் காயா என்று சொல்லிவிடுவேன். இந்த மூக்கு சுற்றுவட்டாரத்தில் இரண்டு பேருக்குத்தான் உண்டு, ஒன்று எனக்கு, இன்னொன்று இவனுக்கு என்று அவரே வருகிறவர்களிடம் சொல்லுவார். அந்தப் பேச்சில் மயங்கித்தான் எட்டு வருஷம் இருந்தேன். உன் அம்மாவைக் கட்டி, நீ பிறந்த பிறகு, இந்த மூக்கை வைத்து அடுத்தவர் வீட்டுத் தொட்டியை எத்தனை நாள் மோந்துகொண்டிருப்பது என்று தோன்றியது. சொல்லிக்கொண்டுதான் வெளியே வந்தேன். விழுப்புரத்தில் ஒரு செக்கை வாடகைக்குப் பிடித்தேன். சைக்கிள் கேரியரில் இரண்டு தகரம் எண்ணெய், காணை, அனந்தபுரம், நடுவில் இருக்கிற எல்லா ஊர்களும். அனந்தபுரம் சந்தையில் நாலு வாரத்தில் பெண்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள்.

ஐந்தாவது வாரம் அவர் ஜீப்பில் வந்து இறங்கினார். "இன்னாடா விக்கிற?" என்றார். "எண்ணெதான், மொதலாளி," என்றேன். "எந்த எண்ணெ?" "மல்லாட்டை எண்ணெ, மொதலாளி. உங்களுக்குத் தெரியாததா?" தகரத்துக்குள் விரலை விட்டார். மோந்தார். நாக்கில் வைத்தார். அந்தக் கணத்தில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பாப்பா. மூக்கு உள்ளவர் மோந்து பார்க்கிறாரே என்று. அவர் வரிசையில் நின்ற பெண்கள் பக்கம் திரும்பினார். "வெளக்கெண்ணெ கலந்திருக்கான்மா. இதுல வடை சுட்டுக் குடுத்தீங்கன்னா வூட்ல ஒருத்தரும் கொல்லைய வுட்டு எழுந்திருக்க மாட்டாங்க," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டு தகரத்தையும் காலால் தள்ளிவிட்டார். சந்தை மண் அவ்வளவு எண்ணெயையும் குடித்தது. காலையில் வாங்கிப் போனவர்கள் தூக்குவாளியோடு திரும்பி வந்து, என் காலடியிலேயே கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து எனக்கு வெளக்கெண்ணெ என்று பேர். கடைத்தெருவில், பஸ் ஸ்டாண்டில், நம் சொந்தக்காரர் வீட்டுக் காரியங்களில் எல்லாம் அதே பேர்தான். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் பையைத் தூக்கிக் கடாசிவிட்டு, "நம்ம பேரு இன்னாப்பா?" என்று கேட்டாய். நான் நம் பேரைச் சொன்னேன். "அப்ப ஏன் என்னை வெளக்கெண்ணெ பொண்ணுன்றாங்க?" என்றாய். அன்றைக்கே ஒன்று முடிவு செய்தேன். அந்த ஆள் எந்த வாயால் அதைச் சொன்னாரோ அந்த வாயாலேயே, அதே ஜனங்கள் முன்னால், 'நான் கொட்டினது சுத்தமான எண்ணெய்' என்று சொல்லவேண்டும். இந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு வேண்டியது. மில் வைத்தது, லாரி வாங்கியது, உன்னைப் பாண்டிச்சேரியில் படிக்க வைத்தது எல்லாம் அதற்குக் கீழேதான். ஊர் என்னை உழைப்பாளி என்கிறது. உழைப்பில் பாதி வஞ்சம் என்று எனக்குத் தெரியும். அவருடைய ஓட்டல் வாடிக்கை, ஹாஸ்டல் வாடிக்கை ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது எனக்குச் சாப்பாடு ருசித்தது. அவர் ஆட்கள் களத்துக்கு வருவதற்கு முன்பே விடியற்காலையில் திண்டிவனம் பக்கத்துக் களங்களுக்குப் போய் நல்ல காயை எல்லாம் அள்ளிக்கொண்டு வருவேன். வெறும் வியாபாரத்துக்காக ஒருத்தன் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க மாட்டான்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு, எண்ணெய் பிழியும் மெஷின் விற்கிற வடநாட்டுக் கம்பெனி ஒன்று, அந்த வருஷம் புது மெஷின் வாங்குகிற மில்காரர்களை டில்லி, சிம்லா எல்லாம் சுற்றிக் காட்டுவதாக அறிவித்தது. கடைசி மூன்று நாள் நார்கண்டாவில் பனிச்சறுக்கு என்று நோட்டீஸில் படம் போட்டிருந்தார்கள். எனக்குப் பனியும் வேண்டாம், சறுக்கும் வேண்டாம். ஆனால் மெஷின் விற்க வந்த பிரதிநிதி வாய்தவறி, "திண்டிவனம் ஐயாகூட வர்றாருங்க," என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே ஆர்டரில் கையெழுத்துப் போட்டேன். இருக்கிற மெஷினுக்கே காய் போதவில்லையே, இன்னொன்று எதற்கு என்று உன் அம்மா கேட்டாள் அல்லவா? இதற்குத்தான்.

நார்கண்டா என்றால் பேரே கேள்விப்பட்டிருக்க மாட்டாய். சிம்லாவுக்கு மேலே பஸ்ஸில் மூன்று மணி நேரம் வளைந்து வளைந்து ஏறவேண்டும். ஒரு கடைத்தெரு, சுற்றி ஆப்பிள் தோட்டம், அதற்கு மேல் நெட்டையான தேவதாரு மரங்கள். குளிர்காலத்தில் அத்தனையும் வெள்ளை. வெளிநாட்டுப் படத்தில் காட்டுகிற மாதிரி ஆளை மேலே தூக்கிப் போகிற கம்பியெல்லாம் அங்கே கிடையாது. சரிவில் நாமே கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் படி ஏறுகிற மாதிரி ஏறவேண்டும், மேலே போய்க் காலில் மாட்டிக்கொண்டு சறுக்கி இறங்கவேண்டும். அரை மணி ஏற்றம், அரை நிமிஷம் இறக்கம். பண்ருட்டிக்காரர் ஒருவர் எங்களோடு வந்திருந்தார். "துட்டு குடுத்து மூட்ட தூக்கற வேலைக்கு இட்டாந்துட்டானுங்கய்யா," என்று முதல் நாளே உட்கார்ந்துவிட்டார். கம்பெனி மேனேஜருக்கு எங்கள் பேர் வாயில் நுழையவில்லை. ஊர் பேரைச் சொல்லித்தான் எல்லாரையும் கூப்பிட்டார். நான் விழுப்புரம், அவர் திண்டிவனம். எங்களோடு ஒரு சமையற்காரரும் வந்திருந்தார், அரிசி புளியோடு. எண்ணெய் மட்டும் மில்காரர்கள் அவரவர் கொண்டுவந்ததைக் கலந்து வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. உன் மாமனார் சமையற்காரரிடம், "விழுப்புரத்தான் எண்ணெய என் சாப்பாட்ல சேக்காத. வயசான வயிறு," என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். பண்ருட்டிக்காரர் சிரித்தார். பதினைந்து வருஷம் கழித்து, ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளி, அதே சிரிப்பு. நான் கொண்டுபோன பாட்டிலை அப்படியே எடுத்து ஸ்வெட்டருக்குள் உடம்போடு ஒட்டிச் செருகிக்கொண்டேன்.

அந்த ஊர்க்காரன் ஒருவன் எங்களுக்குச் சறுக்கச் சொல்லிக் கொடுத்தான். கோடையில் ஆப்பிள் தோட்டம், குளிரில் இந்த வேலை. மரக்கட்டைதான், ஆள் உயரத்துக்கு மேல் நீளம், முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். முன்முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும், முட்டியை மடக்கு, கீழே பார்க்காதே, போகிற இடத்தைப் பார். இவ்வளவுதான் பாடம். தினமும் காலையில் கட்டைகளின் அடிப்பக்கத்தில் அவன் மெழுகு தேய்ப்பான். ஏன் என்று கேட்டேன். வழுக்குவதற்கு என்று கையால் காட்டினான். எண்ணெய் வியாபாரிக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? மெழுகே இப்படி வழுக்கும் என்றால் எண்ணெய் எப்படி வழுக்கும் என்று என் புத்தி ஓடியது. தலைக்குத் தேய்க்கக் கொண்டுபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாகக் கிடந்தது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. நம் ஊரில் மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் உறையும், மல்லாட்டை எண்ணெய் உறையாது. பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான். இடுப்புச் சூட்டில் இருந்த பாட்டிலில் அது தண்ணீராகத்தான் ஆடியது.

மூன்றாம் நாள் போட்டி. சரிவின் மேலே நட்ட சிவப்புக் கொடியிலிருந்து விழாமல் கீழே வருகிறவருக்கு ஒரு கம்பளிச் சால்வை, கம்பெனி காலண்டரில் படம். எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், கட்டைகள் அடுக்கியிருந்த கொட்டகைக்குள் போனேன். எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டிருந்தார்கள். உன் மாமனார் நெட்டை, அவருடையது எல்லாவற்றையும்விட நீளம், தேடவேண்டிய அவசியமே இல்லை. பாட்டிலைத் திறந்து இரண்டு கட்டையின் அடியிலும் முனையிலிருந்து முனைவரை வார்த்து, உள்ளங்கையால் தேய்த்தேன். அவர் கொடியிலிருந்து புறப்பட்டு நிறுத்த முடியாமல் வேகமாகப் போய் எல்லார் கண் முன்னாலும் குப்புற விழவேண்டும், மேனேஜர் சிரிக்கவேண்டும், பண்ருட்டிக்காரர் சிரிக்கவேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் அப்படிச் சொல்லமாட்டேன். சரிவின் அடியில் இடது பக்கம் தேவதாரு மரங்கள் இருந்தன. கொட்டகையிலிருந்து வெளியே வரும்போது அவற்றைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போய் டீ குடித்தேன்.

உன் மாமனார் வேட்டி இல்லாமல் வெளியே வரமாட்டேன் என்று பேண்டுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டி, குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு கட்டைகளைத் தோளில் சுமந்து மேலே ஏறினார். அவருக்கு அடுத்தது என் முறை, பக்கத்திலேயே நின்றேன். "யோவ் விழுப்புரம், நீ முன்னாடி போறியா?" என்றார். "நீங்க போங்க மொதலாளி. பெரியவங்க," என்றேன். மேனேஜர் கீழேயிருந்து கொடியசைத்தார். அவர் கட்டையை மாட்டிக்கொண்டு குச்சியை ஊன்றி உந்தினார். நகரவில்லை. இன்னொரு உந்து. கட்டை ஒரு சாண் போய் நின்றது. காலைத் தூக்கினார், அடியில் பனி கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது, மழைக்காலத்தில் சேற்று வயலில் இறங்கி நடந்தவன் கால் மாதிரி. மற்றவர்கள் பத்தடிக்கு ஒருதரம் விழுந்து புரண்ட சரிவில், உன் மாமனார் தத்தித் தத்தி, ஒரு தரம்கூடச் சாயாமல், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தார். கீழே கைதட்டல். பண்ருட்டிக்காரர், "பாருய்யா, ஐயா இன்னா நிதானம்" என்று கத்தினார். அந்தக் கைதட்டல் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பாதி தூரத்தில் இருக்கும்போதே நானும் உந்திவிட்டேன். என் கட்டையில் அந்த ஊர்க்காரன் அருமையாக மெழுகு தேய்த்திருந்தான். போகிற இடத்தைப் பார் என்று மூன்று நாள் சொல்லிக் கொடுத்தான். நான் உன் மாமனாரின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். அவரைத் தாண்டினதும் விழுந்தேன். உடம்பு ஒரு பக்கம் உருண்டது, இடது கால் கட்டையோடு இன்னொரு பக்கம் திரும்பியது. எலும்பு முறிந்த சத்தம் என் காதிலேயே கேட்டது. சிம்லா ஓட்டல் படிக்கட்டில் வழுக்கினேன் என்று உங்களுக்குச் சொன்னது பொய். நான் இன்றைக்கும் சாய்ந்து நடப்பது அந்தச் சரிவில் வாங்கினது.

மற்றவர்கள் வந்து சேர்வதற்கு முன்பு அவர்தான் வந்தார். "உயிர் இருக்குதா?" என்றார். "கால் போச்சி," என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து தன் காலிலிருந்து கட்டையைக் கழற்றினார், ஏன் நகரவில்லை என்று பார்க்க. கவிழ்த்தார். பனியைத் தட்டிவிட்டதும் அடியில் வெண்ணெய் தடவின மாதிரி வெள்ளையாக ஒரு பூச்சு. கையுறையை உருவிவிட்டு, நகத்தால் கொஞ்சம் சுரண்டி உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதினார். உருகியது. தேய்த்தார். மோந்தார். கால் முறிந்து கிடக்கிறேன் பாப்பா, அந்த வலியிலும் அவர் மூக்கு என்ன சொல்லப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"டீ குடிக்கப் போனப்பவா?" என்றார். நான் முறிந்த காலைப் பிடித்துக்கொண்டேன். "மொத தரம்டா," என்றார். "செம்மண் காய். ஈரம் படாத காய். ஒரு சொட்டு கலப்படம் இல்ல. வெளக்கெண்ணெ சேந்திருந்தா இந்தக் குளுருக்கு இப்படிக் கட்டியிருக்காது. வழுக்கிக்கினு போய் அந்த மரத்துல மோதியிருப்பேன். நீ மட்டும் கலப்படக்காரனா இருந்திருந்தா நான் செத்திருப்பேன்டா." "அப்ப அனந்தபுரத்துல கொட்டினீங்களே?" என்றேன். "அன்னிக்கும் இதே எண்ணெதான்," என்றார். "தெரிஞ்சேவா?" "என் மூக்குக்குத் தெரியாம இருக்குமா? நாலு பேர் சிரிச்சா நீ திரும்பி வந்து என் தொட்டிகிட்ட நிப்பன்னு பாத்தேன். நீ வரல." அதைச் சொல்லிவிட்டு, வேட்டி முனையால் இரண்டு கட்டையின் அடியையும் துடைத்தார். ஆட்கள் ஓடி வந்ததும், "பாவம், வழுக்கிடுச்சி. ஜல்தியா தூக்குங்க," என்றார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. விழாத ஆள் அவர் ஒருவர்தான் என்று சால்வையும் அவருக்கே போனது.

அதைப் பெருந்தன்மை என்று நீ நினைக்கக் கூடாது. நான் கேட்ட அந்த வாக்கியத்தை என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, வெளியே எடுத்துச் சொல்ல முடியாதபடி என் வாயை என் கையாலேயே கட்டிவிட்டார். அவர் ஒத்துக்கொண்டதை நான் சொன்னால், எங்கே, எப்போது என்று கேட்பார்கள். கொட்டகையைச் சொல்லவேண்டும், மரத்தைச் சொல்லவேண்டும். ஐந்து வருஷம் நான் அதை விழுங்கிக்கொண்டு நொண்டினேன். அவர் ஒவ்வொரு மார்கழியிலும் அந்தப் பரிசுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு திண்டிவனம் கடைத்தெருவில் நடந்தார்.

இப்போது உன் விஷயம். போன ஆடியில் நீ அம்மா மூலமாக, பாண்டிச்சேரியில் கூடப் படித்த பையனைத்தான் கட்டுவேன் என்று சொன்னாய். யார் மகன் என்று தெரிந்ததும் ஒரு வாரம் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் சரி என்றேன். நீ என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாய், அப்பா மனசு மாறிட்டார் என்று தெருவெல்லாம் சொன்னாய். மனசு மாறவில்லை, பாப்பா. நம் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. சமையல் அவர்கள் கையில். அந்த ஆள் என் வீட்டுப் படியேறிப் பெண் கேட்டு வந்தாக வேண்டும் என்று அந்த எட்டாம் நாள்தான் எனக்கு உறைத்தது. உன் மேல் இருக்கிற பாசம் பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த 'சரி' பாசத்திலிருந்து வரவில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தில் எனக்குக் கை கூசுகிறது. கட்டையில் எண்ணெய் பூசினதைச் சொல்லும்போதுகூட இவ்வளவு கூசவில்லை.

தாம்பூலத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். "இன்னா வேணும், கேளு," என்றார். "நகை வேணாம், பொடவை வேணாம். கல்யாணச் சமையலுக்கு என் எண்ணெ," என்றேன். "நான் மில்லு வெச்சிக்கினு உன்கிட்ட எண்ணெ வாங்கவா?" "வாங்கவேணாம். நான் அனுப்பறேன். மொதத் தகரத்தை நீங்க உங்க கையால கொப்பரையில ஊத்தணும். ஊத்தறப்ப, அனந்தபுரத்துல நான் கொட்டினது சுத்தமான எண்ணெ, தெரிஞ்சேதான் கொட்டினேன்னு சொல்லணும். அனந்தபுரத்து ஜனங்களை லாரி வெச்சி நானே இட்டாரேன்." "சொல்லலன்னா?" "பொண்ணு வரும். கல்யாணம் நடக்கும். நான் மண்டபத்துப் படி ஏறமாட்டேன். ஏன் ஏறலன்னு ஊர் உங்களைக் கேக்கட்டும்."

காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். கடைசியில், "சொல்றேன்," என்றார். "சொன்னா, உனக்கு எப்படிய்யா உறுதியாத் தெரியும்னு கேப்பாங்க. நார்கண்டாவையும் சேத்துத்தான் சொல்லுவேன். ரெண்டும் ஒரே மூட்ட. ஒண்ணை மட்டும் தனியாப் பிரிச்சித் தரமாட்டேன்." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "ரெண்டு நாள் யோசிச்சி சொல்லு, சம்பந்தி," என்றார். சம்பந்தி என்று அவர் வாயிலிருந்து வந்த முதல் தடவை அது. அதையும் ஒரு குத்தலாகத்தான் சொன்னார்.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்ட உன் அம்மா வெளியே வந்து, நார்கண்டாவில் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டாள். "மரம் இருந்துதா?" "இருந்துது." "பாத்தீங்களா?" "பாத்தேன்." அரிசி புடைக்கிற முறத்தைக் கையில் எடுத்தாள், புடைக்காமலேயே கீழே வைத்தாள். பிறகு, "பாப்பாவுக்கு நீங்களே சொல்லிடுங்க. அந்தாளு வாயால அது கேக்க வேணாம்," என்றாள்.

இரண்டு நாள் யோசித்தேன். ஒரு பக்கம் இருபது வருஷப் பேர். இன்னொரு பக்கம், ஒரு ஆள் சாகட்டும் என்று மரத்தைப் பார்த்துவிட்டு டீ குடித்தவன் என்ற புதுப் பேர். வெளக்கெண்ணெ என்கிற பேர் போனால் அந்தப் பேர் வரும். நீ அந்த வீட்டில் போய் வாழவேண்டியவள். கலப்படக்காரன் மகளாக வாழ்வதா, வஞ்சக்காரன் மகளாக வாழ்வதா? இதை உன்னைக் கேட்காமல் நானே முடிவு செய்தேன், அதற்கு நீ என்மேல் கோபித்துக்கொள்ளலாம். என் கணிப்பு இது: நான் செய்யாததற்கு நீ ஏச்சு வாங்கினது போதும். நான் செய்ததற்கு வாங்கு, அதைத் தாங்கிக்கொள்ளலாம். மூன்றாம் நாள் பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். எட்டு வருஷம் நான் நின்ற அதே தொட்டி பக்கத்தில் அவர் நின்றிருந்தார். "ரெண்டையும் சொல்லுங்க," என்றேன். நான் பின்வாங்குவேன் என்றுதான் அவர் நினைத்திருந்தார். முகம் தொங்கிப் போனது. அந்த முகத்தைப் பார்ப்பதற்காக நான் நார்கண்டாவரை போயிருக்க வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ்ஸில் கிடைத்தது.

பெரியவர்கள் கடிதம் எழுதினால் புத்தி சொல்லவேண்டும் அல்லவா, சொல்கிறேன். உனக்கு யாராவது அநியாயம் செய்தால் பொறுத்துக்கொள் என்று நான் சொல்லமாட்டேன். நானே செய்யாததை உனக்கு எப்படிச் சொல்வது. ஆனால் பழி வாங்குவதானால் உன் முகம் தெரிய வாங்கு. பின்னால் நாலு பேர் முன்னிலையில் எடுத்துச் சொல்லமுடியாத எதையும் செய்யாதே. சொல்லமுடியாததைச் செய்தவன் எதிரியின் கைக்குள் போய்விடுகிறான். அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டு எந்தச் சரிவிலும் இறங்காதே. உன் மாமனாரை மரியாதையாக நடத்து. நேரத்துக்குச் சாப்பாடு போடு, நிறையப் போடு. வயசான வயிறு என்பார், போடு. அந்த வீட்டு அடுப்புக்கு மாதாமாதம் நம் மில்லிலிருந்து எண்ணெய் வரும், அதையும் பேசி முடித்துவிட்டேன்.

கல்யாணத்துக்கான தகரங்கள் இன்று காலை வேனில் போய்விட்டன. ஒவ்வொன்றையும் நானே மோந்து, நானே மூடி, ஈயம் வைத்து அடைத்தேன். அனந்தபுரத்துக்கு லாரி சொல்லியாகிவிட்டது. அன்றைக்குத் தூக்குவாளியைக் கவிழ்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள். அவர் சொல்லி முடிக்கிறவரை நான் மண்டபத்து வாசலில்தான் நிற்பேன். முதலாவதைக் கேட்டு ஊர் என்னைப் பார்க்கும். இரண்டாவதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த நேரத்தில் நீ மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாய். குனிந்தே இரு, நிமிர்ந்து என்னைத் தேடாதே. நான் நொண்டிக்கொண்டு உள்ளே வந்து என் இடத்தில் உட்காருவேன்.

உன் டிரங்குப் பெட்டியில், பட்டுப் புடவைக்கு அடியில் ஒரு சின்ன பாட்டில் வைத்திருக்கிறேன். நார்கண்டாவுக்கு என் இடுப்பில் வந்த அதே பாட்டில்தான், எண்ணெய் இந்த வருஷத்தது. உன் மாமியார் வீட்டில் புதிதாக ஐஸ் பெட்டி வாங்கியிருக்கிறார்களாம். ஐஸ் கட்டுகிற மேல் தட்டில் அதை வைத்துவிடு. இப்படி உறைய வைத்துக் காட்டி நான் முன்பே ஊருக்கு நிரூபித்திருக்கலாமே என்று கேட்பாய். இது இந்த வருஷத்து எண்ணெய்க்குத்தான் சாட்சி. மண் குடித்துவிட்ட எண்ணெய்க்கு, அதைக் கொட்டினவர் ஒருவர்தான் சாட்சி. அதனால்தான் அவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையோடு அது முடிந்தது. அதற்கு மேலும் அந்த வீட்டில் எவராவது உன்னை அந்தப் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், நீ பதில் பேசாதே, அழாதே. பாட்டிலை எடுத்துவந்து, மூடியைத் திறந்து, அவர்கள் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடி. ஒரு சொட்டு விழாது.

அப்பா